குளிசைதானே என்று நினைத்தால்

"ஊசி இல்லையாம், எல்லாம் குளிசைதானாம்" என்று கேட்டால் திருமலையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலையும் குடும்பத்துக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ஊசியை விடக் குளிசைக்கு மணிக்கணக்கு கூட.

சிகிச்சைக்கு மசியாத ஏஎம்எல் இரத்தப் புற்றுநோய்க்கு ரெவுமெனிப், வெனெட்டோகிளாக்ஸ், டெசிட்டபின்–செடாசூரிடின் மூன்றையும் வாய்வழியே சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் 'சேவ்' ஆய்வு. டெசிட்டபினைத் தனியே விழுங்கினால் குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி அதை உடைத்துவிடும். அந்த நொதியை மறிக்கத்தான் செடாசூரிடின். டெசிட்டபின் 35 மி.கி.யும் செடாசூரிடின் 100 மி.கி.யும் ஒரே குளிசையில், 28 நாள் சுற்றின் முதல் 5 நாளும். முன்னும் பின்னும் 2 மணி நேரம் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும், பால்தேத்தண்ணியும் கூடாது. வெனெட்டோகிளாக்ஸோ சாப்பாட்டோடு. ஆகவே விடிய 6 மணிக்கு முதலாவது, காலை 8 மணிக்குப் பிறகு இடியப்பத்தோடு மற்றது.

பெரிய சிக்கல் பூஞ்சைத் தடுப்பு மருந்தில். அந்த மருந்தான பொசகோனசோல் ஈரலில் மற்ற மருந்துகள் கழிவதைத் தடுக்கும். அதனால் வெனெட்டோகிளாக்ஸ் 400 மி.கி.யிலிருந்து 70க்கு இறங்கும். ரெவுமெனிப், வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு இருமுறை 270 என்பது 160 ஆகும். வேறோர் ஆஸ்பத்திரியில் யாராவது பொசகோனசோலை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் விட்டால், நோயாளி குறைந்த அளவிலேயே கிடப்பார். அதோடு ரெவுமெனிப், பொசகோனசோல் இரண்டுமே ஈசிஜியில் கியூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கும் நேரத்தை, நீட்டும். அது 450 மில்லிசெக்கனைத் தாண்டியிருந்தால் ரெவுமெனிப் தொடங்குவதில்லை.

வெள்ளையணு மைக்ரோலீட்டருக்கு 25,000க்குக் கீழே வந்த பின்தான் வெனெட்டோகிளாக்ஸ். அளவைக் கூட்டும் நாட்களில் ஒவ்வொரு புது அளவுக்கும் முன்பும், 6 முதல் 8 மணி நேரம் கழித்தும் பொட்டாசியம், யூரிக் அமிலம், பொஸ்பேட், கல்சியம், கிரியேட்டினின் பார்க்கவேண்டும். புற்றுநோய்க் கலங்கள் கூட்டமாக உடைந்தால் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். அந்த நாட்களில் அன்போடு கொண்டுவரும் செவ்விளநீரை வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும், அதில் பொட்டாசியம் நிறைய. ஓட்டோவில் குலுங்கிப்போன இரத்தக் குழாயும் பொய்யான பொட்டாசியம் காட்டும். சந்தேகமென்றால் உடனே புதிதாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

ரெவுமெனிப்பில் காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீர் எடை கூடல் வந்தால் தொற்று என்று மட்டும் எண்ணக்கூடாது. அது கலமுதிர்வுச் சிக்கலாகவும், அதாவது முதிராத புற்றுநோய்க் கலங்கள் மருந்தால் வேகமாக முதிர்வதால் வரும் சிக்கலாகவும், இருக்கலாம். அன்டிபயோட்டிக்கோடு ஸ்டீரோய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் 10 மி.கி. 12 மணிக்கொருமுறை, குறைந்தது 3 நாள்.

வெனெட்டோகிளாக்ஸ் போட்டபின் வாந்தி எடுத்தால் அன்று மறுபடி போடக்கூடாது, அடுத்த நாள் வழமையான நேரத்தில்தான். வாந்தி எடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதி, வெறும் குளிசை அட்டையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோகவேண்டும்.