காசல்ரீயில் ஒரு ஞாயிறு

போன ஞாயிறு விடியற்காலையிலேயே மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போடப் போனேன், பனியில் தக்கை எங்கே மிதக்கிறது என்றே தெரியவில்லை. மண்புழுவுக்கு ஒன்றும் அசையவில்லை. அப்புறம் பாணைப் பிசைந்து உருட்டிப் போட்டதில் உள்ளங்கை அளவில் இரண்டு திலாப்பியா. 1952இல் இலங்கைக்கு வந்த மீன், முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் கீழ்நாட்டுக் குளங்களில் பெருகிக் கிடக்கிறது. ஆனால் அது சூட்டுக்குப் பழகிய சாதி, நம்ம குளிரில் மெதுவாகத்தான் வளரும். பெரிசு வேண்டுமென்றால் கார்ப்தான், அடிச்சேற்றைக் கிளறித் தின்பதால் தூண்டிலை ஆழத்தில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் (எனக்கு வராத வித்தை). ட்ரவுட்டா? 1880களில் வெள்ளைக்காரர்கள் நுவரெலியாப் பக்கத்துக் குளிரோடைகளில் விட்டது அது. இங்கே தேடி அலையாதீர்கள். திரும்பும்போது கரையில் ஒரு வலை காய்ந்துகொண்டிருந்தது, அதன் கண்ணியில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.