மூலைவாட்டில் விழுந்த மடிப்பு

நேற்று இரவு பத்தரை மணிக்கு, 18 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட ஒரு பறவைப் படத்தாள், கடைசி இரண்டு அங்குலம் நீங்கலாக ஒரு மடிப்புகூட இல்லாமல் என் கோல்ட் லேமினேஷன் இயந்திரத்திலிருந்து வெளியே வந்தது. சூடில்லாமல், பசை பூசிய பிளாஸ்டிக் ஃபிலிமை ரப்பர் ரோலர்களுக்கு இடையே அழுத்தித் தாளின் மேல் ஒட்டும் இயந்திரம் அது. அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தின் கதையைப் பின்னால் சொல்கிறேன். இதற்கு முன்னால் ஆறு தாள்கள் குப்பைக்குப் போயின. எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளை அடையாளம் காண்பதற்காக நானே வடிவமைத்து, எக்கோ சால்வென்ட் என்னும் கரைப்பான் மை அச்சுப்பொறி வைத்திருக்கும் ஒரு கடையில் காசு கொடுத்து ஃபோட்டோ பேப்பரில் அச்சடித்தவை. ஆகவே இந்த மூன்று வாரங்களில் ஃபிலிம் ஓட்டத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதற்குத் தாளுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்திருக்கிறேன்.

இயந்திரம் 25 அங்குலக் கைச்சுற்று வகை. ஸ்டிக்கர் கடை ஒன்றை மூடியவர்களிடமிருந்து பழையதாக வாங்கினேன். ரப்பர் ரோலர்களில் வெடிப்பு இல்லை, பேரிங்குகளில் சத்தம் இல்லை, கைப்பிடி இலகுவாகச் சுற்றியது. நான் பார்த்து வாங்கியது அவ்வளவுதான். ஃபிலிம் மாட்டும் மேல் ஷாஃப்டையும் அதன் பிரேக்கையும் நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் பழைய லேமினேஷன் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டால், ரோலரை விட்டுவிட்டு முதலில் அந்த ஷாஃப்டைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கோளாறு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் வந்தது. தாள் உள்ளே போன முதல் ஓரடிக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிறகு இடது ஓரத்தில் ஃபிலிம் லேசாகத் தொய்யும். அடுத்த கால் சுற்றில் அந்தத் தொய்வு ஒரு மெல்லிய வரியாகத் திரண்டு, ரோலருக்குள் நுழையும் இடத்தில் மடிந்து, தாளின் நடுவை நோக்கி மூலைவாட்டில் ஓடும். மடிப்பின் இரண்டு பக்கத்திலும் உள்ள பசை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அதைப் பிரிக்க வழியே இல்லை. இரண்டாவது தாளில் பிரிக்க முயன்று நீலத் தாழைக்கோழியின் தலையை மையோடு உரித்தெடுத்தேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் ரோலர் அழுத்தத்தைத்தான் சந்தேகித்தேன். அந்தச் சந்தேகத்தில் பாதி நியாயம் இருந்தது. ரோலர்களுக்கு இடையே காகிதக் கீற்றை இடுக்கி, எவ்வளவு இறுக்கம் என்று கையால் இழுத்துப் பார்க்கும் சோதனை தெரிந்ததே என்றாலும், கைக்குத் தெரியும் இறுக்கத்தை நான் நம்புவதில்லை. வலது கை எப்போதும் பலமாகத்தான் இழுக்கும். ஆகவே விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியில் ஒரு கிளிப்பை மாட்டி, ஓர் அங்குல அகலக் கீற்றுகளை இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் வைத்து, ரோலரை இறக்கி, கீற்று நழுவத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டிய எடையைக் குறித்துக்கொண்டேன். வலது ஓரத்தில் 1.9 கிலோ, இடது ஓரத்தில் 1.2 கிலோ வந்தது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் மேல் போட்டிருந்த எண் குறிகளோ இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றிருந்தன. ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்துவிட்ட இயந்திரத்தில் அந்தக் குறிகளுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இந்த வித்தியாசம் ஏன் மடிப்பை உண்டாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாலை ஆயிற்று. ரப்பரை நசுக்கினால் அதன் கன அளவு குறைவதில்லை. நசுங்கிய இடத்தில் அதன் மேற்பரப்பு நீள்கிறது. அதனால் அழுத்தம் கூடிய பக்கம் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. என் இயந்திரத்தில் வலது பக்கம் வேகமாக இழுத்தது, இடது பக்கம் பின்தங்கியது, பின்தங்கிய பக்கத்தில் ஃபிலிம் தொய்ந்தது. இரண்டு ஓரங்களையும் 1.4 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். நடுவில் 1.1 கிலோதான் காட்டியது. ரோலரின் இரண்டு முனைகளை மட்டுமே நாம் அழுத்துவதால் நீளமான ஷாஃப்ட் நடுவில் லேசாக வளைந்து விலகுகிறது என்பதே இதற்குக் காரணம். திருகை இன்னும் இறுக்கினால் நடு சரியாகும் என்று நினைப்பது தவறு, விலகல் கூடத்தான் செய்யும். நடுவில் வெள்ளிப் பூச்சு போலச் சிறு குமிழிகள் தெரிகிறபோது பலரும் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு மடிப்பு ஓரடியில் வராமல் ஒன்றரை அடியில் வந்தது. முன்னேற்றம்தான் என்றாலும் தாளின் நீளம் இரண்டடி.

நான்காவது தாளில் புதிதாக ஒன்றைக் கவனித்தேன். மூலைவாட்டு மடிப்பு தவிர, தாளின் குறுக்கே மெல்லிய பட்டைகள் தெரிந்தன. அவற்றோடு, சின்ன அம்மைத் தழும்பு போன்ற ஒரு புள்ளியும் திரும்பத் திரும்ப விழுந்திருந்தது. புள்ளிகளுக்கு இடையே அளந்தால் ஒவ்வொரு முறையும் 188 மில்லிமீட்டர். ரோலரின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்பதால் அதன் சுற்றளவும் அதுவே. மேல் ரோலரில் உலர்ந்துபோன பசைத் துளி ஒன்று ஒட்டியிருந்தது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஆனால் பட்டைகள் ஒழுங்கான இடைவெளியில் வரவில்லை. சில இடத்தில் 40, சில இடத்தில் 55 என்று மனம்போனபடி இருந்தன. ரோலரின் குற்றம் என்றால் கணக்குத் தவறாமல் திரும்ப வரும். இது அப்படி வராததால் ஃபிலிம் சுருளின் பக்கம் திரும்பினேன்.

இந்த வகை இயந்திரங்களில் ஃபிலிம் சுற்றிய மூன்றங்குல அட்டைக் குழாயை, ஷாஃப்டில் மாட்டிய இரண்டு பிளாஸ்டிக் கூம்புகள் இருபுறமும் இடுக்கிப் பிடித்திருக்கும். அட்டைக் குழாயின் விளிம்பிலிருந்து கூம்பின் மேல்வரை பென்சிலால் ஒரே நேர்கோடு போட்டுவிட்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். சுருள் மூன்று முறை உருண்டு நின்றபோது, குழாயில் இருந்த கோடும் கூம்பில் இருந்த கோடும் ஒரு விரற்கடை விலகி நின்றன. ஷாஃப்டைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறது, குழாயோ கூம்பின் மேல் வழுக்குகிறது, கொஞ்சம் வழுக்கி மறுபடி பிடித்துக்கொள்கிறது, மறுபடி வழுக்குகிறது. ஒவ்வொரு பிடிப்புக்கும் தாளில் ஒரு பட்டை. கூம்பின் திருகை ஆலன் கீயால் இறுக்கியதும் இது தீர்ந்தது.

கூம்பு இறுகியதும் பிரேக்கின் லட்சணம் வெளிப்பட்டது. கழற்றிப் பார்த்தால், உராய்வுக்காக வைத்திருக்கும் ஃபெல்ட் வாஷர் கிரீஸில் ஊறிக் கறுத்திருந்தது. பிரேக்குக்கு எண்ணெய் விட்ட அந்தப் புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. இயந்திரத்தில் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தையல் சாமான் கடையில் வாங்கிய ஃபெல்ட் துணியில் இரண்டு வட்டங்கள் வெட்டிப் போட்டேன். முதல் ஆர்வத்தில் நட்டை இறுக்கமாக முடுக்கி ஐந்தாவது தாளை ஓட்டினேன். வெளியே வந்தபோது குறுக்குப் பட்டை ஒன்றுகூட இல்லை, மூலைவாட்டு மடிப்பும் விரல் நீளத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாள் பொரித்த அப்பளம் போல ஃபிலிம் பக்கமாகச் சுருண்டிருந்தது. இழுவிசையில் நீண்டுவிட்ட பிவிசி ஃபிலிம் ஒட்டிய பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அப்போது தாளையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. இப்போது ஃபிலிமின் நுனியில் ஓர் அட்டையை ஒட்டி அதே தராசால் இழுத்துப் பார்த்து, ஏறத்தாழ 600 கிராமில் சுருள் நகரும்படி நட்டை வைத்திருக்கிறேன். சுருள் சிறுத்துக்கொண்டே வரும்போது அதே பிரேக்குக்கு இழுவிசை கூடும் என்பதால் இது நிரந்தரக் கணக்கு அன்று. பாதிச் சுருள் தீர்ந்ததும் மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

ஃபிலிம் வாங்கிய கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காகிதமும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போவது எனக்குப் பழக்கம். ஃபிலிமை மட்டும் சோம்பேறித்தனத்தால் இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன். வந்த சுருளின் ஓரத்தில் நெல்மணி அளவுக்கு ஓர் அடி பட்டிருந்தது. சுற்றுக்குச் சுற்று அந்த இடம் கொஞ்சம் உப்பி வருவதால், ஓரத்தில் அரை அங்குலம் எப்போதும் வீண். திருப்பி அனுப்ப முயன்றதற்கு வந்த பதில்களை எழுதினால் இந்தக் குறிப்பின் நீளம் இரட்டிப்பாகும். இனிமேல் கடைக்கு நேரில் போய், பாலிதீன் உறை பிரிக்காத சுருளாகப் பார்த்து, இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஃபிலிமின் பின்னால் பசையை மூடியிருக்கும், ஒட்டும்போது உரித்தெடுக்கிற ரிலீஸ் பேப்பரும் காகிதம்தானே. சென்னையின் மழைக்காலத்தில் உறையில்லாமல் வைத்தால் ஓரங்கள் ஈரம் குடித்து அலை அலையாக எழும்பிவிடும். சுருளைத் தரையில் படுக்கப் போடாமல் நிறுத்தியே வைப்பதும் அவசியம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அழுத்தம் சமம், கூம்பு இறுக்கம், பிரேக் அளவு எல்லாம் சரியான பிறகும் ஆறாவது தாளில் அதே இடது ஓரத்தில் அதே தொய்வு வந்தபோது, அன்றிரவே இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதாக வீட்டில் அறிவித்தேன். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே எஃகு ஸ்கேலை எடுத்து, ஃபிலிம் ஷாஃப்டுக்கும் மேல் ரோலருக்கும் இடையே உள்ள தூரத்தை இரு முனையிலும் அளந்தேன். இடதில் 182 மில்லிமீட்டர், வலதில் 186. நான்கு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் ஃபிலிமுக்கு அது நன்றாகத் தெரியும். வலது ஓரம் ரோலரை அடைய அதிக தூரம் போக வேண்டியிருப்பதால் இறுகுகிறது, இடது ஓரத்தில் அந்த அளவு மிச்சமாகித் தொய்கிறது. முன்பு வலது பக்க அழுத்தமும் கூடுதலாக இருந்ததால் இரண்டு கோளாறுகளும் ஒரே திசையில் கைகோத்து வேலை செய்திருக்கின்றன. அதனால்தான் அழுத்தத்தைச் சரிசெய்தபோது பாதி மட்டும் குணமாயிற்று.

ஷாஃப்டைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளில் இடது பக்கத்தினுடைய போல்ட்டுகள் மட்டும் புதியவை. எப்போதோ கழற்றி மாட்டியபோது அடியில் இருந்த தகட்டைத் தொலைத்திருக்க வேண்டும். மூன்று வாஷர்களை அடுக்கிப் போட்டு உயர்த்தினேன். போல்ட்டை முடுக்க முடுக்க அவை ஒவ்வொன்றாக நழுவி, 182 என்பது ஒரு முறை 184 ஆகவும் மறுமுறை 187 ஆகவும் நின்றது. பின்தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் பிராக்கெட்டையே கழற்றிக்கொண்டு போனேன். அவர் வாஷர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், வாஷரை அடுக்குனா டைட் பண்ணும்போது வழுக்கத்தான் செய்யும். நாலு எம்எம் பிளேட்டு ஒண்ணு வெட்டி, ரெண்டு ஓட்டை போட்டுத் தர்றேன். அதை வச்சு முடுக்குங்க, அசையாது.”

அரை மணி நேரத்தில் தகடு தயாராகிவிட்டது. மாட்டிய பிறகு இரு முனையிலும் 186, நேர்ப்பாட்டைச் சோதிக்க மூலைக்கு மூலை எடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். கூம்புகளை மறுபடி நடுவுக்கு நகர்த்தி, அழுத்தத்தையும் மறுபடி தராசில் பார்த்துவிட்டு, அச்சடித்து ஒரு முழு நாள் காற்றாட வைத்திருந்த ஏழாவது தாளை நேற்றிரவு இயந்திரத்துக்குள் கொடுத்தேன். கைப்பிடியைச் சுற்றும்போது இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரடி தாண்டியது, ஒன்றரை அடி தாண்டியது, ஃபிலிம் மேளத்தோல் போல விறைப்பாகவே நின்றது. சுழற்சி முடிந்ததும் ரோலரை உயர்த்த மறந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அழுத்தத்திலேயே விட்டுவைத்தால் ரப்பரில் தட்டையான தடம் விழும் என்பது நினைவுக்கு வந்து ஓடிப்போய் உயர்த்தினேன்.

கைப்பிடியைச் சுற்ற ஒரு கை, தாளைத் தடவி அனுப்ப ஒரு கை என்று இருப்பதால், ஃபிலிமைக் கவனிக்க மூன்றாவது கை தேவைப்படுகிறது. பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று அலமாரியில் தூங்குகிறது. அதன் வேகம் இந்த வேலைக்கு அதிகம் என்பதால், சைக்கிள் சங்கிலியும் பெரிய பல்சக்கரமும் வைத்துக் குறைக்க வேண்டும். அதற்குக் காலால் மிதிக்கும் சுவிட்ச் போட்டால் கைப்பிடி சுற்றும் கை ஃபிலிமைக் கவனிக்க ஓய்ந்துவிடும். இதற்கான படத்தை இப்போதே நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் பாக்கி. தாளின் பின்விளிம்பு மேசையை விட்டு ரோலருக்குள் விழும்போது லேசாகத் துள்ளுகிறது, அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடும் அதன் பின்னால் சில குமிழிகளும் நிற்கின்றன. தாளுக்கு அடியில் அதைவிட நீளமான மூன்று மில்லிமீட்டர் சன் போர்டு (இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒன்றை வைத்து, தாளும் போர்டும் சேர்ந்தே போகும்படி ஓட்டினால் விளிம்பு விழுவதற்கு இடமிருக்காது என்று நினைக்கிறேன். போர்டின் தடிமனுக்கு ரோலர் இடைவெளியைக் கூட்டினால் தராசுக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும். எட்டாவது தாள் அச்சாகி வந்துவிட்டது, மை உலர நாளை மாலை வரை கொடிக்கயிற்றில் தொங்கும். அதற்குள் போர்டு வாங்கி வர வேண்டும்.