ஐந்து மூலைக் கல்

கணக்கு சார் ஐப்பசியில் காலமானார். செய்தி நம் பழைய மாணவர் குழுவில் வந்த அந்த வாரமே சங்க மலர் போடுகிறவர்கள் என்னை அழைத்து, "பள்ளிக்கூடத்தில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், அதை எழுதுங்கள். சாரைப் பற்றியும் தனியாக ஒரு பக்கம் கொடுங்கள்" என்றார்கள். தனித்தனியாக எழுத எனக்கு வரவில்லை. சேர்த்தே எழுதுகிறேன்.

1981இல் பத்தாவது முடித்த செட்டில் பாதிப் பேருக்கு என் முகம் நினைவிருக்காது. நான் பேசாத பையன். ஜன்னல் ஓர பெஞ்ச். மதியம் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொண்டு எல்லாரும் வட்டமாக உட்காரும்போது நான் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய்விடுவேன். விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். கை தூக்காததற்குக் காரணம் என் கைதான்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி. அப்பா டைல்ஸ் பட்டறை வைத்திருந்தார், அவருக்கு முன்னால் ஐயா, அதாவது என் தாத்தா. பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் நானும் தம்பியும் பட்டறையில் இருப்போம். கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைத்து, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமெண்டில் கரைத்த சாயத்தைச் சின்னக் கரண்டியால், ஆப்பச் சட்டியில் மாவு விடுகிற மாதிரி, விட வேண்டும். ஒரு சொட்டு பக்கத்து அறைக்குள் போனால் அந்தக் கல் போச்சு. அப்புறம் கை நடுங்காமல் அச்சைத் தூக்க வேண்டும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு அமுக்கி வைத்துவிட்டு, மறுநாள் தொட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடியைப் பிரித்தால் முகம் பளபளவென்று இருக்கும். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. கண்ணாடி கொடுக்கிற மினுக்கம்தான்.

அந்தச் சிவப்புச் சாயம் நகக்கண்ணில் ஏறிவிட்டால் போகாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது, மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது. எட்டாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை, பிரேயரில் நகம் பார்த்தார்கள். பார்த்தவர் பெயர் இங்கே வேண்டாம். என் கையைப் பிடித்து உயரத் தூக்கிப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் காட்டினார். "கை கழுவத் தெரியாதவனுக்குப் படிப்பு எதுக்கு?" என்றார். சிரிப்பு முன் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரைக்கும் போனது. அன்றைக்கு மட்டும் என்றால் மறந்திருப்பேன். அதன் பிறகு "சாயக்கை" என்றே என்னைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நிற்கும்போது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. நல்ல கையெழுத்து எனக்கு. ஆனாலும் கரும்பலகைக்குப் போகச் சொன்னால் வயிற்றைப் பிசையும்.

கணக்கு சார் நமக்கு ஒன்பதாவதில் வந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸ். பிரம்பு எடுத்து வந்து நான் பார்த்ததில்லை. விவசாயக் குடும்பம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரியைத் தொடங்கியிராவிட்டால் தான் ஏர் பிடித்திருப்பேன் என்று சொல்வார். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பர் என்பதையும், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டியதையும் வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் விட மாட்டார். நமக்குப் பக்கத்தில் இவ்வளவு கிடக்கிறது, அதை எட்டிப் பிடிக்கப் பையன்கள் பயப்படுகிறார்களே என்ற ஆதங்கம் அவருக்கு.

பலகோணம் நடத்திய அன்று என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நோட்டில் நான் ஒரு பூ அச்சைப் போட்டு வைத்திருந்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்துக் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இடவலம் மாறியிருக்கே, ஏப்பா?" என்றார். கல்லைக் கவிழ்த்துத்தான் ஊற்றுகிறோம், கண்ணாடிப் பக்கம்தான் முகமாக வரும், அதனால் அச்சை மாற்றிப் போட வேண்டும் என்று சொன்னேன். அந்த வகுப்பறையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "நாலு மூலைக் கல் போடுறீங்க. ஆறு மூலைக் கல்லும் பார்த்திருக்கேன். அஞ்சு மூலைக் கல் ஏன் யாரும் போடலை? உங்க அப்பாவைக் கேட்டுட்டு வா" என்றார்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரே வார்த்தையில், "சேராது" என்றார். அதையே மறுநாள் வந்து சொன்னேன். "ஏன் சேராது?" என்றார் சார். தெரியவில்லை. அட்டையில் ஐங்கோணங்களை வெட்டி எடுத்து வரச் சொன்னார். அவற்றை வகுப்பின் நடுவில் தரையில் அடுக்க வைத்தார். எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மூன்று அட்டையை ஒரு முனையில் சேர்த்தால் நடுவில் ஒரு சந்து. நாலாவது அட்டை அதற்குள் போகாது. அப்புறம்தான் கணக்குப் போட வைத்தார். ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324. முழுச் சுற்றுக்கு 360 வேண்டும், 36 மிச்சம். சதுரத்துக்கு 90, நாலு சேர்ந்தால் சரி. அறுகோணத்துக்கு 120, மூன்று சேர்ந்தால் சரி. முக்கோணத்துக்கு 60, ஆறு சேர்ந்தால் சரி. ஒரே அளவில், எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக உள்ள ஒரே வகைக் கல்லை வைத்துத் தரையை மூட வேண்டுமென்றால் இந்த மூன்றைத் தவிர வேறு வழி இல்லை. "இவன் அப்பா கோணமானி பிடிச்சதில்லை. ஆனா சேராதுன்னு அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? கை சொல்லியிருக்கு" என்றார் சார். வகுப்பு முழுவதும் என் கையைப் பார்த்தது. நான் மேஜைக்கடியில் இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நம்மையெல்லாம் கானாடுகாத்தானில் ஒரு நண்பன் வீட்டுக்குக் கூட்டிப் போனாரே, அது பலருக்கு நினைவிருக்கும். நீங்கள் வெள்ளைப் பணியாரத்துக்காக நினைவு வைத்திருப்பீர்கள். முகப்பு தாண்டி வளவில், அதாவது உள்முற்றத்தில், காலை வைத்ததும் சார், "எல்லாரும் கீழே உட்காருங்க, எந்தக் கல்லு எத்தனை தடவை திரும்பினா பழைய இடத்துக்கு வருதுன்னு எண்ணுங்க" என்றார். நாலு கல் சேர்ந்து ஒரு பூ. ஒரு கல்லைத் தனியாகப் பார்த்தால் கால் பூ. கால் சுற்று திருப்பித் திருப்பி வைத்தால்தான் முழுசாகிறது. சுழற்சி, பிரதிபலிப்பு எல்லாம் அந்தத் தரையில்தான் எனக்கு ஏறின.

அந்த வீட்டு ஆச்சி தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம், "நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" என்று கேட்டார்கள். ஆத்தங்குடி என்றும் ஐயா பெயரையும் சொன்னேன். "அட, உங்க ஐயா போட்ட கல்லுதான் இது. எனக்குக் கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் போட்டாக. அந்த மூலையில உக்காந்து, ஒவ்வொரு கல்லா தட்டிப் பார்த்து வாங்கி வச்சாக" என்றார்கள். பர்மாவில் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடு அது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் செட்டியார்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அதோடு பெரிய வீடு கட்டுவது ஊரில் நின்றுபோயிற்று, ஐயாவுக்கு வேலையும் குறைந்தது. அதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த தரையை என் வீட்டுக் கை ஊற்றியிருந்தது. பணியாரத்தை வட்டமாக உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட்டேன். "சாயக்கை" என்ற பெயர் அதோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டார்கள்தான். எனக்குத்தான் அது உறுத்தவில்லை.

பத்தாவதில் கணக்கில் நல்ல மதிப்பெண். பாலிடெக்னிக்கில் சிவில் சேர அப்பாவிடம் பேசியவரும் சார்தான். எண்பதுகளில் எல்லாரும் மொசைக் மொசைக் என்று போனார்கள். பூக்கல் பழைய வீட்டுச் சமாச்சாரம் ஆகிவிட்டது. பட்டறையில் தொட்டி காய்ந்து கிடந்த நாட்கள் அதிகம். 1991இல் நான் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது அப்பா தடுக்கவில்லை. சொல்லிக்கொள்ளப் போனேன். சாரும் தடுக்கவில்லை. "அங்கே தரையெல்லாம் எப்படி இருக்குன்னு எழுது" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். கூன் செங் ரோட்டில், பெரனாக்கன் என்று சொல்லப்படும் பல தலைமுறைச் சீனர்களின் வீட்டு முகப்பில் பூ ஓடுகள் பதித்திருப்பதைப் படம் வரைந்து அனுப்பினேன். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இல் நம் செட்டியார்கள் கட்டியது என்று எழுதினேன். அவருடைய பதில்கள் நீல நிற ஏர்மெயில் தாளில், விளிம்பு வரைக்கும் நுணுக்கி எழுதியவை. அத்தனையையும் வைத்திருக்கிறேன். ஒரு கடிதத்தில் ஐங்கோணத்துக்குத் திரும்பி வந்திருந்தார். "அந்த 36 பாகைச் சந்தை மிச்சம் என்று விட்டுவிட்டோம். அதையும் ஒரு கல்லாக நினைத்தால் என்ன?"

வேலை முடிந்து வந்து, டார்மிட்டரிக் கட்டிலில் தாளைப் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். சந்துக்குள் பொருந்துவது ஒரு ஒல்லியான சாய்சதுரம். ஐங்கோணத்தின் அதே பக்க அளவு. கூர்முனை 36 பாகை, மற்ற முனை 144. கூர்முனையில் மூன்று ஐங்கோணம், 324ம் 36ம் சேர்ந்து 360. மற்ற முனையில் இரண்டு ஐங்கோணம், 216ம் 144ம் சேர்ந்து 360. இரண்டே அச்சு, தரை முழுக்க மூடிவிடும். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சாருக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் கடிதம் போட்டேன். சார் பதிலுக்கு ஒரு பக்கம் முழுக்க ஐங்கோணங்களாகவே வரைந்து அனுப்பினார். அப்பா தம்பியை விட்டுத் தொலைபேசியில் சொன்னார்: கண் சரியாகத் தெரியவில்லை, ஆள் இல்லை, பட்டறையை மூடியாகிவிட்டது. அச்சுகள் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன. ஐயா காலத்து அச்சுகளும் அதோடு போயிருந்தன.

அப்பா இருக்கும்போது அந்த ஐந்து மூலைக் கல்லை ஊற்றிப் பார்க்க முடியவில்லை. நான் ஊரில் இருந்திருந்தால் ஊற்றியிருப்போம். இங்கே சிங்கப்பூரில் வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதில் குறை ஒன்றும் இல்லை. கட்டுமான நிறுவனத்தில் தரை வேலை மேற்பார்வையில் என் காலம் போயிற்று. பெட்டி பெட்டியாக இயந்திரத்தில் வந்த கல்லைத்தான் பதித்தோம். எதிலும் சொட்டு தவறியிருக்காது. சிவப்புக் கறை என் நகத்திலிருந்து எப்போது போயிற்று என்று கவனிக்கவே இல்லை.

இப்போது பூக்கல்லுக்குத் திரும்பவும் கிராக்கி. சென்னை, பெங்களூர் என்று லாரி போகிறது. தம்பி மகன் ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். சார் பெயரில் ஒரு பரிசு வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது நான் வேறொன்று சொன்னேன். அவர் நமக்குப் பாடம் எடுத்த அறையின் தரை பெயர்ந்து கிடக்கிறது. அதற்கு அவர் கேட்ட கல்லைப் போடுவோம். ஐங்கோணம் சிவப்பில், சாய்சதுரம் மஞ்சளில். பள்ளிக்கூடத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. தரையைப் பார்த்துவிட்டு ஒரு பையனாவது 36 பாகையைப் பற்றிக் கேட்பான் என்று நம்புகிறேன்.

தம்பி மகனுக்கு வரைபடத்தைப் போனில் அனுப்பினேன். அச்சு அடிக்கக் கொல்லரிடம் பேசிவிட்டான். கூர்முனைக்குள் சாயம் முழுசாக இறங்குமா என்பதுதான் அவனுக்குச் சந்தேகம். "பெரியப்பா, போன்ல சொன்னா சரிப்படாது. நீங்க வாங்க, ரெண்டு பேரும் ஊத்திப் பார்ப்போம்" என்றான். தைப் பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அந்தச் சமயம் ஊரில் இருக்கிற நம் செட்டுக்காரர்கள் பட்டறைக்கு வாருங்கள். சார் கைப்பட எழுதியது எதுவும் உங்களிடம் இருந்தால் எடுத்து வாருங்கள்.