டிராக்டர் ரேக் ஓட்டிப் பார்த்தேன்

புதிதாகத் திருத்திய நிலம். உழுது முடித்த பிறகும் மேலே கல், வேர், காய்ந்த புல் கட்டை என்று ஏதாவது கிடந்துகொண்டே இருந்தது. கையால் பொறுக்கி மாளாது என்றுதான் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ரேக்குக்கு வந்தேன். பி.டி.ஓ. (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குத் தரும் தண்டு) தேவையில்லாத சாதனம். ஒரு குறுக்குச் சட்டம், அதில் வரிசையாக வளைந்து தொங்கும் ஸ்பிரிங் எஃகுப் பற்கள், அவ்வளவுதான்.

மாட்டுவதற்கு முன்னால், ரேக்கை டிராக்டரோடு கோக்கும் ‘பின்’ (pin) எனும் இரும்பு ஊசியின் அளவைப் பார்த்துவிடுங்கள். டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று இணைப்புக் கைகளில் கீழே இரு பக்கமும் இருப்பவை லோயர் லிங்க், மேலே நடுவில் இருப்பது டாப் லிங்க். இணைப்பின் அளவு வகை கேட்டகிரி 1 என்றால் லோயர் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. கேட்டகிரி 2 என்றால் 28, 25. பழைய ரேக் வாங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நான் முதலில் இடது லிங்க், அப்புறம் வலது, கடைசியில் டாப் லிங்க் என்று மாட்டுகிறேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி என் டிராக்டரில் வலது பக்கம் இருப்பதால் இதுதான் சுலபம்.

வேலையின் சூட்சுமமெல்லாம் டாப் லிங்க்கில்தான் இருக்கிறது. ஓரிரு சுற்று திருகினாலே பற்களின் சாய்வு மாறிவிடுகிறது. நுனி செங்குத்தாகக் குத்தினால் மண்ணைத் தோண்டி, அதையும் சேர்த்து இழுத்து வந்து குவிக்கும். கொஞ்சம் படுத்தாற்போல் வைத்தால் சீப்பு மாதிரி மேலாக வாரி, கல்லையும் வேரையும் மட்டும் கொண்டு வரும். எனக்கு வேண்டியது இரண்டாவது. பின்சக்கரம் உள்ள ரேக் என்றால் ஆழம் தானாக நிற்கும். என்னுடையதில் அது இல்லை. அதனால் ரேக்கை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் லீவரில் கை வைத்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஈரம் இன்னொரு விஷயம். சொதசொத மண்ணில் பற்களுக்கு நடுவே களிமண் அப்பிக்கொண்டு, ரேக் வெறும் பலகையாகிவிடும். இறுகக் காய்ந்தாலோ பற்கள் துள்ளிக்கொண்டே போகும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் முதல் கியரில் போனாலே நிலம் அழகாக வாரிக்கொண்டு வருகிறது. வேகம் கூட்டினால் கல்லைத் தாண்டித் தாண்டிப் போய்விடும்.

ரேக்கின் சட்டத்தை நேராக வைத்தால் எல்லாம் ரேக்கின் முன்னாலேயே குவியும். கோணத்தைப் பூட்டியிருக்கும் பின்னைக் கழற்றிச் சட்டத்தைச் சாய்த்தால் ஒரு ஓரமாக வரிசை கட்டும். ஆனால் சாய்த்த அளவுக்கு அகலம் குறையும். ஆறடி ரேக்கை 30 டிகிரி சாய்த்தால் கிட்டத்தட்ட ஐந்தே கால் அடிதான் கிடைக்கும். பின்டயர் தடத்தை அது மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாம் வாரிய இடத்தையே டயர் மிதித்துக்கொண்டு போகும்.

திரும்பும்போதும் பின்னால் எடுக்கும்போதும் ரேக்கைத் தூக்கிவிடுகிறேன். இறங்கி எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் ரேக்கைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்த பிறகுதான். தூக்கி நிற்கும் இரும்புக்குக் கீழே கை நீட்டுகிற வேலையே வேண்டாம்.

சரி, நிலம் எப்படி இருக்கிறது? பெரிய கல்லெல்லாம் ஓரத்துக்கு வந்துவிட்டது. பல் இடைவெளியில் நழுவும் பொடிக்கல் அப்படியேதான் கிடக்கிறது. அடுத்து ரேக்கை 180 டிகிரி திருப்பி, பற்களின் முதுகால் மேடு பள்ளத்தை நிரவப் போகிறேன். அதன்பின் புல் விதை.