தி ஹீட் படத்த சீன் சீனா பிரிச்சு மேய்ஞ்ச கதை

ரெண்டு லேடி போலீஸ், ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது, ஆனா ஒரே கேஸ். இந்த ஒன்லைன வச்சு காமெடி ஸ்க்ரிப்ட் எழுத உக்காந்தா ரெண்டு பேரும் கத்திட்டே இருக்காங்க, கதை மட்டும் நகர மாட்டேங்குது. எடிட்டிங்ல இருக்கற ஃபிரண்டு ஒருத்தன்தான் "ஓடின படம் ஒண்ண எடுத்து பிரிச்சு பாரு"ன்னான். எடுத்தது 2013ல வந்த தி ஹீட். பால் ஃபீக் டைரக்‌ஷன், எழுதினது கேட்டி டிப்போல்ட், 4 கோடி டாலர் சொச்சத்துல எடுத்து உலகம் பூரா 22 கோடி டாலருக்கு மேல அள்ளின படம்.

எக்ஸெல்ல சீனுக்கு ஒரு வரி, மூணு காலம் (column): யாரு இருக்காங்க, கேஸ் எவ்ளோ நகருது, ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன மாறுது. நிறுத்தி நிறுத்தி பார்த்ததுல ராத்திரி ராத்திரியா இழுத்துச்சு, அதுவும் மெலிசா மெக்கார்த்தி வாயத் தொறந்தா சிரிச்சு முடிச்சு ரீவைண்ட் பண்ணி மறுபடி சிரிச்சுன்னு டைப் பண்ண கை வராது.

ஷீட்ட பார்த்தா கேஸ் காலம் பாதி காலி! பாஸ்டன்ல லார்க்கின்னு மூஞ்சியே தெரியாத போதை கும்பல் தலைவன், அவ்ளோதான் கேஸ். மூணாவது காலம்தான் நெறைஞ்சு வழியுது. இந்த மாதிரி கதையில வழக்கமா ஒருத்தி கெட்டி, ஒருத்தி தத்தியா இருப்பா, இங்க ரெண்டு பேருமே வேலையில கில்லி. சாண்ட்ரா புல்லக் பண்ற ஆஷ்பர்ன் எஃப்பிஐ, எல்லாம் ரூல்ஸ் படி, ஆபீஸ்ல ஒருத்தருக்கும் அவள பிடிக்காது. மெக்கார்த்தியோட முல்லின்ஸ் லோக்கல் டிடெக்டிவ், வீட்டு ஃபிரிட்ஜ தொறந்தா பூரா துப்பாக்கி.

ஆனா டைனர்ல ஒருத்தருக்கு தொண்டையில சாப்பாடு அடைச்சிக்கிட்டப்ப, மூச்சுக்கு வழி பண்றேன்னு கத்திய எடுத்து கழுத்த கீறி ரத்தத்த பீச்ச வைக்கறது யாருன்னு நெனக்கிறீங்க, ரூல்ஸ் பேசற ஆஷ்பர்ன்! அந்த சீன்ல கேஸ் ஒரு இஞ்ச் நகரல, ஆனா அடங்காதவ முல்லின்ஸ் மட்டும் இல்லன்னு தெரிஞ்சிடுது.

இன்னொன்னு, ரெண்டு பேரோட வீட்டுக் கதையும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிய வருது. முல்லின்ஸ் கூடப்பொறந்தவனையே ஜெயில்ல தள்ளினவ, குடும்பமே அவ மேல கடுப்புல இருக்கு. ஆஷ்பர்ன் சொந்த குடும்பம் இல்லாம ஃபாஸ்டர் ஹோம்ல வளந்தவ, திட்டறதுக்கு கூட ஆள் இல்ல, செல்லம் கொஞ்சற பூனை கூட பக்கத்து வீட்டுது. அதுக்கப்புறம் பார்ல குடிச்சிட்டு ஆடற சீன் வர்றப்ப யாரும் யாருகிட்டயும் ஸாரி சொல்லணும்னே இல்ல.

எல்லாமே ரசிச்சேன்னு சொல்ல மாட்டேன். ஆல்பினிசம் (பொறந்ததுலேர்ந்தே தோலும் முடியும் வெளுத்திருக்கறது) இருக்கற டிஇஏ, அதாவது போதை தடுப்பு போலீஸ் ஏஜென்ட்ட ஓயாம ஓட்டறாங்க, அது கிண்டல் கூட இல்ல, சுத்த மட்டம்.

அப்புறம் என் ஸ்க்ரிப்ட்டுக்கும் அதே மூணு காலம் போட்டேன். வில்லன் இன்ட்ரோ மொத்தமா போச்சு, சேஸிங் ரெண்டுல ஒண்ணு காலி, அந்த எடத்துல ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்கு ஃபைல் வாங்க போற சீன் வந்திருக்கு. கேஸ் காலம் இப்ப பரிதாபமா இருக்கு, க்ளைமாக்ஸ்க்காவது ஒரு க்ளூ தேத்தணும்.