கீறலா, படலமா? கார் முன் கண்ணாடியைத் தேய்ப்பதற்கு முன்

சமவெளியில் ஓடும் காரின் முன் கண்ணாடியில் நான்கு கோடுகள் விழுந்திருந்தாலும் ஓட்டுபவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீலகிரியில் அப்படி விட்டுவிட முடியாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் மாலையில் மேகம் இறங்கிவிட்டால், எதிரே ஏறி வரும் பேருந்தின் ஹெட்லைட் வெளிச்சம் முதலில் பனிமூட்டத்தில் சிதறி, பிறகு கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு நுண்கீறலிலும் இன்னொரு முறை சிதறி, வளைவின் ஓரத் தடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் செய்துவிடும். அதனால்தான் எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்கள் கூடினால் கண்ணாடி பாலிஷ் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. என் காருக்கும் உறவினர்கள் சிலரின் கார்களுக்கும் இந்த வேலையை வீட்டு வாசலிலேயே செய்திருக்கிறேன். பாலிஷ் போட வேண்டும் என்று கொண்டுவரப்படும் கண்ணாடிகளில் பலவற்றுக்குப் பாலிஷே தேவைப்படுவதில்லை என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

மங்கலில் பெரும்பகுதி கண்ணாடியின் உட்பக்கத்தில் படிந்திருக்கும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் வெயிலில் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. காருக்குள் புகைபிடிப்பவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். பகலில் இந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுவதும் பால் தெளித்ததுபோல் ஆகிவிடும், குளிரில் மூச்சுக்காற்றின் ஈரமும் அதன்மேல் எளிதில் படியும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சரிபாதித் தண்ணீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பாருங்கள். அந்த மூலை பளிச்சென்று ஆகிவிட்டால் சிக்கல் அங்கேயே முடிந்தது. மீதியையும் துடைத்துவிட்டு, உலர்ந்த இன்னொரு துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். ஒரே துணியை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதே தவிர எடுப்பதில்லை.

வெளிப்பக்கத்தில் படிவது வேறு வகை. மலையேறும் லாரிகளின் டீசல் புகை, சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய், தார்ப்புள்ளிகள், மரத்தடியில் நிறுத்தும்போது சொட்டும் பிசின் எல்லாம் சேர்ந்து வைப்பரால் இழுக்கப்பட்டு வில்போல வளைந்த மங்கலாகத் தெரியும். பழைய ஸ்டிக்கரின் பசைக்கும் தார்ப்புள்ளிக்கும் நம் ஊர் நீலகிரித் தைலத்தை மிஞ்சிய மருந்து இல்லை. பஞ்சில் சில சொட்டுகள் விட்டு ஒரு நிமிடம் ஊறவைத்தால் பசை நெகிழ்ந்து வந்துவிடும். தைலம் டேஷ்போர்டிலோ பெயிண்டிலோ வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு சோப்புத் தண்ணீரால் அதன் பிசுக்கையும் எடுத்துவிட வேண்டும். கோவையில் போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவை சுண்ணாம்புச் சத்துப் படிவுகள்; வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் கண்ணாடிமேல் போட்டுவைத்தால் கரையும். மாதக்கணக்கில் விட்டுவைத்த புள்ளிகள் கரைந்த பின்னும் தழும்பு மிஞ்சினால், அதைப் பாலிஷ் வேலையில் சேர்க்கலாம்.

இவ்வளவையும் துடைத்து எடுத்த பிறகும் நிற்பதுதான் உண்மையான கீறல். கண்ணாடியின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7; எண் பெரிதானால் கடினமும் அதிகம், அதனால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும். மழை ஓங்கிப் பெய்யும்போது மண் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கே வருடத்தில் பல மாதங்கள் பெய்வது சாரலும் தூறலும்தான். கண்ணாடி பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்க, சாலை வேலை நடக்கும் இடத்தின் செம்மண் தூசி அதில் ஒட்டியிருக்க, தேய்ந்துபோன வைப்பர் ரப்பர் அந்த மணலை நூறு முறை இழுக்கிறது. ரப்பர் கிழிந்து கம்பியே கண்ணாடியைத் தொட ஆரம்பித்தால் ஒரே பயணத்தில் ஆழமான கோடு விழுந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் இரவில் வெளியே நிறுத்தும் கார்களுக்கு இன்னொரு ஆபத்து உறைபனி. காலையில் அவசரத்தில் ஸ்டீல் ஸ்கேலாலோ கையில் கிடைத்த அட்டையாலோ பனியைச் சுரண்டும்போது அதில் சிக்கிய மணலும் சேர்ந்தே உரசுகிறது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது அதைவிட மோசம். கண்ணாடி விரிசல் விடும். முதல் நாள் இரவே கனத்த துணியையோ அட்டையையோ கண்ணாடிமேல் போட்டு மூடிவைப்பது எல்லாவற்றிலும் எளிது.

கீறலின் ஆழத்தைப் பார்க்க நகம் போதும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷுக்குக் கட்டுப்படும் கீறல், தட்டி நின்றால் ஆசையை விட்டுவிடலாம். பக்கத்து வீட்டு ஜீப் ஓட்டுநர், "பேஸ்ட் போட்டுத் தேச்சுப் பாருங்கண்ணா, எல்லாம் போயிரும்" என்று சொல்வார். பற்பசையில் உள்ள துகள்கள் பல்லைக் கெடுக்காதபடி மென்மையாகச் செய்யப்பட்டவை. அவற்றால் கண்ணாடியின் மேற்பரப்பைக் குறைக்க முடியாது. பற்பசை போட்டதும் பளபளப்பது மேலே இருந்த எண்ணெய்ப் படலம் போனதால்தான். கீறல் அதே இடத்தில் இருக்கும்.

கண்ணாடியை உண்மையில் மெருகேற்றும் பொருள் சீரியம் ஆக்சைடு. மூக்குக்கண்ணாடி லென்ஸ்கள், தொலைநோக்கி ஆடிகள் ஆகியவற்றை மெருகேற்றவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் இரும்பு ஆக்சைடுச் செம்பொடி இந்த இடத்தில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் சீரியம் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்த இளஞ்சிவப்புப் பொடி எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றுவதில்லை. இது மணலைப்போல வெறுமனே உராய்ந்து செதுக்குவதில்லை. தண்ணீர் பட்ட கண்ணாடியின் மேல்தோல் சற்று இளகுகிறது. சீரியம் துகள்கள் அந்தச் சிலிக்காவுடன் வேதிப்பிணைப்பு கொண்டு அதை மிக நுண்ணிய அளவில் பிய்த்தெடுக்கின்றன. எனவே ஈரம் இல்லாவிட்டால் இந்த வேலையே நடக்காது.

வேலைக்கு வேண்டியவை சீரியம் பொடி, ஃபெல்ட் பேட், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள டிரில்லிங் மெஷின், தண்ணீர் ஸ்பிரேயர், மாஸ்கிங் டேப், ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு. காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு மணல்கூட இல்லாதபடி துடைக்க வேண்டும். பேடுக்கு அடியில் மாட்டும் ஒரு துகள் போதும், போன கீறலுக்குப் பதில் புதிதாக வட்டக் கீறல்கள் வந்துவிடும். வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலியையும் பானட்டையும் விரிப்பால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். இடுக்குகளில் காய்ந்த சீரியத்தை எடுப்பது கீறலை எடுப்பதைவிட வேதனை. கீறல் இருக்கும் இடத்தை உட்பக்கத்திலிருந்து மார்க்கரால் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வெளிப்பக்கம் சீரியக் குழம்பு பூசியதும் எந்தக் கோட்டைத் தேடுகிறோம் என்றே தெரியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பொடியைத் தண்ணீரில் கலந்து, தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்துக்குக் கொண்டுவந்து, பேடை முதலில் தண்ணீரிலும் பிறகு இந்தக் குழம்பிலும் நன்றாக ஊறவிடுங்கள்.

பேடைக் கண்ணாடியில் வைத்த பிறகுதான் மெஷினை ஓடவிட வேண்டும். ஓடவிட்டுப் பிறகு வைத்தால் குழம்பு சட்டைமீதுதான் இருக்கும். நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்று போதுமானது. கீறலின் கோட்டின்மேல் மட்டும் தேய்க்காமல், அதைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக நகர்ந்துகொண்டே இருங்கள். ஈரம் சரியாக இருக்கும்போது பேட் வழுக்கிக்கொண்டு ஓடும். காயத் தொடங்கியதும் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும், ஓரங்களில் குழம்பு வெளுத்துப் பொடியாகும், மெஷினின் ஒலியும் அடித்தொண்டைக்கு இறங்கும். அப்போது உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும். இடையிடையே நிறுத்தி, உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் ஓய்வு கொடுங்கள். சூடேறிய ஓரிடத்தைச் சுற்றிக் குளிர்ந்த கண்ணாடி இருப்பதுதான் விரிசலுக்குக் காரணம். எங்கள் பக்கம் மார்கழிக் காலையில் குழாயில் வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே, அதனால் வெயில் ஏறிய பிறகு, வீட்டுக்குள் வைத்திருந்த தண்ணீரைக் கொண்டு செய்வது நல்லது. கையகல இடத்துக்கே அரை மணி நேரம் ஆகலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கோடு உடைந்து, துண்டு துண்டாகி, பிறகு மறையும்.

எங்கே நிறுத்துவது என்பது இந்த வேலையின் கடினமான பகுதி. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டப்பட்டது. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், நடு ஏடு பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். ஆழமான கீறலை எடுத்தே தீருவேன் என்று ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, அது லென்ஸாகிவிடும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையை அப்படியும் இப்படியும் அசைத்தபடி ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் நெளிந்தால் அளவுக்கு மீறித் தேய்த்தாகிவிட்டது என்று பொருள். நேர்ப்பார்வைக்கு நடுவே நெளியும் கண்ணாடியைவிட மெல்லிய கீறல் எவ்வளவோ மேல். கல்லும் மணலும் பட்டு ஊசிமுனைக் குழிகளாக நிறைந்த கண்ணாடியும், ஓரத்தில் நடு ஏடு பிரிந்து வெளுத்துப்போன கண்ணாடியும் எந்தப் பாலிஷுக்கும் மசியாது. புதிய கார்களில் பின்னால் வருவதைப் பார்க்க உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடிக்குப் பின்னே கேமரா இருந்தால், அதற்கு முன்னுள்ள பகுதியைத் தொட வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவானால் காப்பீட்டு விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் வழக்கமான முழுக் காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படுவதில்லை. ஆனால் கல் பட்டதுபோன்ற விபத்தில் உடைந்ததற்குத்தான் அது பொருந்தும். வைப்பர் தேய்த்த கோடுகள் பயன்பாட்டுத் தேய்மானம் என்று தள்ளப்படும். கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் பாதிக்கப்படுமா என்பதையும் கணக்குப் போட வேண்டும்.

பாலிஷ் முடிந்த அன்றே வைப்பர் பிளேடை மாற்றிவிடுங்கள், பழைய ரப்பரில் பதிந்த மணல் அப்படியே இருக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒன்றும், வடகிழக்கு மழைக்கு முன் ஒன்றும் என்று மாற்றுவது எங்கள் மலைக்குச் சரியாக இருக்கிறது. சாரல் நேரத்தில் வைப்பரைப் போடும் முன் வாஷர் தண்ணீரைத் தாராளமாக அடித்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் துணி துவைக்கும் சோப்புத் தூளைப் போட வேண்டாம். கரையாத துகள் தெளிப்பானின் துளையை அடைத்துவிடும்.