மகளின் கழுத்துக் கட்டி

மகளுக்கு நேற்று கழுத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாக்கை நீட்டினால் மேலே ஏறுகிற கட்டி. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் பாதை மறையாமல் மிஞ்சினால் இப்படி நீர்க்கட்டி வருமாம்.

நாக்குக்குக் கீழே கழுத்தில் இருக்கும் ஹையாய்டு என்ற சின்ன எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. எலும்பையா? ஆனால் அந்தப் பாதை எலும்பை ஒட்டியே போகிறது. கட்டியை மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வந்துவிடும். 1920-ல் சிஸ்ட்ரங்க் என்ற சர்ஜன் எழுதிவைத்த முறைதான் இன்றும்.

அப்புறம், பெற்றோர்களே, ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேனில் தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் கட்டிதான் உடம்பிலுள்ள ஒரே தைராய்டு.

காலையில் தானே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தாள்.